மூலிகை மெழுகுவர்த்தி: வெளிச்சமா, வைத்தியமா?

போன மாதம் செம்பட்டிக்குப் போயிருந்தேன். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று நாலு பக்கமும் பஸ் பிரிகிற ஊர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் என் சிநேகிதியின் வீடு. மேற்கே நிமிர்ந்தால் பழனி மலை. கிழக்கே திரும்பினால் சிறுமலை. காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இடம்!

ஆனால், அந்த வீட்டுக்குள்...

சிநேகிதியின் ஆறு வயது மகள் ராத்திரியானால் இருமுகிறாள். விடியற்காலையில் மூச்சு ‘விஸ்... விஸ்...’ என்று இழுக்கிறது. திண்டுக்கல்லில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, இன்ஹேலரும் வாங்கி வந்திருக்கிறார்கள். கிளம்பும்போது டாக்டர் ஒரு கேள்வி கேட்டாராம்: “ராத்திரி ரூமுக்குள்ள என்னென்ன ஏத்துறீங்க?”

சிநேகிதி பட்டியல் போட்டிருக்கிறாள். ஆறு மணிக்குச் சாம்பிராணி. எட்டு மணிக்குக் கொசுவத்திச் சுருள். ஒன்பது மணிக்கு, ‘நல்லாத் தூக்கம் வரும்’ என்று யாரோ பரிசாகக் கொடுத்த மூலிகை மெழுகுவர்த்தி. ஜன்னலோ, கொசு வருமென்று அஞ்சு மணிக்கே சாத்தியாச்சு!

“முதல் ரெண்டையும் நிறுத்திட்டேன்டி. ஆனா இந்த மெழுகுவர்த்தி கெமிக்கல் இல்லையே? மலைவாசிங்க முறையில செஞ்ச சுத்தமான மூலிகைன்னு அட்டையிலேயே போட்டிருக்கு. இது இருக்கலாமில்ல?” என்று கேட்டாள்.

உங்களில் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும். கடைக்குப் போனால் லாவண்டர், துளசி, எலுமிச்சைப்புல், மல்லிகை என்று வகை வகையாக மெழுகுவர்த்திகள். ‘இயற்கை’, ‘பழங்குடி ஞானம்’, ‘காற்றைச் சுத்தம் செய்யும்’ என்று அட்டை முழுக்க வாசகங்கள். இதில் எது நிஜம், எது வெறும் விளம்பரம்? வாருங்கள், மெழுகுவர்த்தியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

எரிவது எது?

மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் எரிவது மெழுகு! சுடரின் சூட்டில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அங்கே அது ஆவியாகி, காற்றோடு சேர்ந்து எரிகிறது. நம் வீட்டுக் குத்துவிளக்கில் எண்ணெய் எரிவதும் இதே கதைதான்.

மெழுகு ஆவி முழுசாக எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும். அரைகுறையாக எரிந்தால்? அதுதான் கரிப்புகை. சுவரில் படிகிற அந்தக் கறுப்பு, காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. மூச்சோடு நுரையீரலின் அடி வரை போகக்கூடியது அந்தத் துகள்.

சுடர் எப்போது அரைகுறையாக எரியும்? திரி நீளமாக இருக்கும்போது. ஃபேன் காற்றில் சுடர் ஆடும்போது. வாயால் ‘உஃப்’ என்று ஊதி அணைக்கும்போது. இது பெட்ரோலிய மெழுகுக்கும் பொருந்தும், மலைத் தேன்மெழுகுக்கும் பொருந்தும். இயற்கையான பொருள் எரிந்தாலும் வருவது புகைதான். விறகு கூட இயற்கைதானே! அந்த அடுப்புப் புகையில் நம் பாட்டிமார் இருமியது நமக்கு மறந்துவிடுமா?

எந்த மெழுகு?

கடையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

பாரஃபின்: கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. கரண்ட் போனால் நாம் தேடுகிற வெள்ளை மெழுகுவர்த்தி இதுதான். விலை குறைவு.

தாவர மெழுகு: சோயா எண்ணெய், பாமாயில் போன்றவற்றை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கியது. செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் ஆலை வழியாக வந்தது.

தேன்மெழுகு: தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்துச் சுரப்பிகளிலிருந்து வருவது. இதை வைத்துத்தான் தேனீ அடை கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க 6 முதல் 8 கிலோ தேன் வரை தேனீக்கள் தின்னும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. விலை ஏன் ஜாஸ்தி என்று இப்போது புரிகிறதா?

தேன்மெழுகு உருகுவது சுமார் 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில். அதனால் நம் சித்திரை வெயிலிலும் சீக்கிரம் வளைந்து தொங்காது. நிதானமாக எரியும். சேர்க்காமலேயே லேசான தேன் வாசம் இருக்கும். நாள்பட்டால் மேலே வெள்ளையாகப் பொடி பூத்தது போல் வரும். பூஞ்சணம் என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது தேன்மெழுகின் இயல்பு. துணியால் துடைத்தால் போய்விடும்.

மலையிலிருந்து வரும் மெழுகு

இனி, அந்த ‘மலைவாசிகள் முறை’ விஷயத்துக்கு வருவோம்.

செம்பட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற பழனி மலையிலும் சிறுமலையிலும் வாழ்பவர்கள் பளியர்கள். கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. நீலகிரியில் குறும்பர்கள் காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணி கட்டி, செங்குத்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுப்பார்கள். பச்சிலைப் புகை காட்டித் தேனீயை விலக்குவார்கள். தேனீயைப் பார்த்துப் பாட்டுப் பாடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

அந்தப் புகை எங்கே போடப்படுகிறது பார்த்தீர்களா? திறந்த வெளியில், பாறை முகட்டில், கொஞ்ச நேரத்துக்கு. ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் ராத்திரி முழுக்க இல்லை!

தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சுவது அடைச் சக்கை. அதை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவைத்தால் மேலே மெழுகு கட்டியாக மிதக்கும். இந்த மெழுகுக்கு மலையிலேயே மதிப்புக் கூட்டி விற்கும் வேலை நடக்கிற இடம் கோத்தகிரி. 1993-ல் தொடங்கப்பட்டு அங்கே இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் 1994-ல் தமிழ்நாட்டுத் தேன் எடுப்பவர்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு ஆவணம் வெளியிட்டது. அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்ததுதான் 2010-ல் ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ என்ற விற்பனை நிறுவனம். ‘ஆதிமலை’ என்ற பெயரில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் கம்பெனியும் 2013-ல் வந்தது. தேன், தேன்மெழுகுவர்த்தி, சோப்பு, உதட்டுக்குப் பூசும் பாம் எல்லாம் அங்கிருந்து கடைக்கு வருகின்றன.

இன்னொரு விஷயம். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்குச் சிறு வனப் பொருள்கள் மீது உரிமை தருகிறது. அந்தப் பட்டியலில் தேனும் மெழுகும் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே ‘பழங்குடி’ என்று அட்டையில் படம் போட்டு ஒரு பொருள் விற்றால், நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்: “எந்த மலை? எந்த ஜனங்கள்? அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?” பதில் சொல்ல முடிந்தவர்களிடம் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிக் குடுவையில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி, மலைவாசிகளின் பழைய வைத்தியம் அல்ல. அது புதிய பண்டம். பழையது எது என்றால், எந்த அடையை எப்போது எடுப்பது, எதை விட்டு வைப்பது, எந்த மரத்துப் பிசின் எதற்கு ஆகும் என்கிற அறிவு. நீலகிரிக் காட்டில் சேகரிக்கிற கருங்குங்கிலியம் அப்படிப்பட்ட ஒரு பிசின்.

சமவெளிக்காரர்களான நமக்கும் இந்த அறிவு குறைவில்லை. ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பார்களே, அந்த இலுப்பையின் விதையில் எடுத்த எண்ணெய்தான் கோயில் விளக்குகளில் எரிந்தது. வீட்டில் விளக்கெண்ணெய். பெயரிலேயே விளக்கு இருக்கிறது!

சித்த வைத்தியத்திலும் தேன்மெழுகுக்கு இடம் உண்டு. ஆனால் எரிப்பதற்கு அல்ல, பூசுவதற்கு. ஆயுர்வேதத்தில் மூட்டு வலிக்குத் தேய்க்கும் பிண்ட தைலத்திலும் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்கின்றன. செம்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய அந்தக் கிராமப் பணி மையத்தின் லட்சுமி சேவா சங்கம் இன்றும் சித்த, ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கிறது. அங்கே மருந்துக்கு ஒரு அளவு உண்டு, அனுபானம் உண்டு, யாருக்கு ஆகும் ஆகாது என்கிற கணக்கும் உண்டு. ‘புகை’ என்பதே சித்த வைத்தியத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்றுதான். ஆனால் அது வைத்தியர் பார்த்து, குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நேரம் தருவது. வீட்டில் எல்லாருக்கும் தினமும் போடுவது வைத்தியம் ஆகாது.

வாசனை எங்கிருந்து வருகிறது?

இதற்குப் பதில் செம்பட்டிக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டை அறியாதவர் உண்டா? அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிறார்கள். ஒரே ஒரு கிலோ சாறு கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். பூ என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படியானால், நூறு ரூபாய் ‘மல்லிகை மெழுகுவர்த்தி’யில் நிஜ மல்லிகை எவ்வளவு இருக்கும்? கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

அதில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வாசனைதான். செயற்கை என்பதாலேயே அது விஷம் என்று சொல்லவில்லை. அதேபோல, இயற்கை எண்ணெய் என்பதாலேயே எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் பலமான வாசனை எதுவுமே தொல்லையைக் கிளப்பிவிடலாம். அது மல்லிகையாக இருந்தாலும் சரி, யூகலிப்டஸாக இருந்தாலும் சரி.

சொல்வதும் நடப்பதும்

‘தேன்மெழுகுச் சுடர் காற்றைச் சுத்தம் செய்யும்’: செய்யாது. எரிகிற எந்தப் பொருளும் காற்றில் கொஞ்சம் எதையாவது சேர்க்குமே தவிர, எடுக்காது. ஒழுங்காக எரிகிற நல்ல மெழுகுவர்த்தி குறைவாகச் சேர்க்கும், அவ்வளவுதான். காற்றைச் சுத்தம் செய்வது ஜன்னல்!

‘எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி ஏற்றினால் கொசு வராது’: இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2017-ல் அமெரிக்காவில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையில், சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி கொசுவை விரட்டவில்லை என்றே முடிவு வந்தது. தவிர, ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவது ராத்திரியில்! டெங்குவுக்கு மருந்து, வாரம் ஒரு தடவை தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பது. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிச் சாசர், மொட்டை மாடி டயர், தேங்காய்ச் சிரட்டை... இவற்றில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுவது. ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை.

‘அப்ப சுருளே மேல்’ என்று திரும்பிப் போய்விடாதீர்கள்! 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கண்டார்கள். சாத்திய அறையில், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இது தேவையா?

‘நிம்மதியான தூக்கம் வரும்’: இதில் பாதி உண்மை இருக்கிறது. ட்யூப் லைட்டை அணைத்து, டி.வி.யையும் செல்போனையும் ஒதுக்கி, சின்ன வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மனசு அடங்கத்தான் செய்யும். அந்தப் பெருமை சுடரை விட, நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த அரை மணி நேரத்துக்கே சேரும். ஆனால் படுக்கப் போகும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும். எரிகிற மெழுகுவர்த்தியோடு தூங்குவது ஆபத்து.

‘சளிக்கு நொச்சி, துளசி மெழுகுவர்த்தி’: நொச்சியின் அருமை நமக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் நொச்சி இலை போட்டுப் பெரியவர்கள் வேது பிடிப்பது வழக்கம். அது ஆவி. இது புகை. இரண்டும் ஒன்றல்ல. சின்னக் குழந்தைகளுக்கு வேதும் வேண்டாம். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகிற விபத்து அதிகம்.

பிறந்த குழந்தைக்கு...

“அந்தக் காலத்துல பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாத வீடு உண்டாம்மா?” என்று சிநேகிதியின் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

“தலை காயணும்கிறதுக்காகத்தானே அத்தை காட்டினீங்க? இப்ப மெத்துன்னு துண்டு இருக்கு. நல்லா ஒத்தி எடுத்தாப் போதும்.” பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகச் சின்னது. அதற்குப் புகை எதுவும் ஆகாது. பூஜையறையில் சாம்பிராணி போடுவதானால், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். வாசல் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் மூக்கில், நெஞ்சில் தடவாதீர்கள். கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும். கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

இத்தனை சொன்ன பிறகும் தேன்மெழுகுவர்த்தி மீது எனக்கு ஆசை போகவில்லை! கரண்ட் போன நேரத்தில் திண்ணையில் அந்த மஞ்சள் வெளிச்சம் அழகுதான். நீங்களே செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

தேவையானவை: தேன்மெழுகு 200 கிராம், தேங்காய் எண்ணெய் 30 கிராம், பின்னிய பருத்தித் திரி, சின்ன எவர்சில்வர் டம்ளர்கள் மூன்று.

திரிதான் முக்கியம். விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி இதற்குச் சரிப்படாது. தேன்மெழுகு கெட்டியானது, அதை இழுக்கத் தடித்த திரி வேண்டும். நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல் பக்கத்தில் பருத்தி நூலுக்கா பஞ்சம்? சாயம் போடாத தடித்த நூல் மூன்றை எடுத்துச் சடை பின்னுவது போல் இறுக்கிப் பின்னுங்கள். நைலான், பாலியெஸ்டர் கலந்த நூல் கூடவே கூடாது. கடையில் திரி வாங்கினால் நடுவில் உலோகக் கம்பி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஈயக் கம்பி வைத்த திரியை அமெரிக்கா 2003-ல் தடையே செய்துவிட்டது.

செய்முறை:

1. ஒரு பெரிய பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றிச் சூடாக்குங்கள். அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி, அதில் மெழுகைத் துண்டு துண்டாகப் போடுங்கள். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். தீப்பற்றிக்கொள்ளும்.

2. மெழுகு உருகியதும் தேங்காய் எண்ணெயைச் சேர்த்துக் கிளறி, அடுப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெய் சேர்ப்பது எதற்கு? தனி தேன்மெழுகு நடுவில் மட்டும் குழி விழுந்து எரியும். எண்ணெய் சேர்ந்தால் சமமாக உருகும். வெயில் காலத்தில் எண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. திரியை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, நேராக இழுத்துக் காயவிடுங்கள். விறைப்பாக நிற்கும்.

4. டம்ளரின் நடுவில் திரியை நிறுத்தி, மேல் நுனியை ஒரு குச்சியில் சுற்றி டம்ளர் வாயின் குறுக்கே வையுங்கள்.

5. மெழுகை நிதானமாக ஊற்றுங்கள். டம்ளரை முன்னதாகவே வெந்நீரில் கழுவித் துடைத்துச் சூடாக வைத்திருந்தால், மெழுகில் விரிசல் விழாது. டம்ளருக்குள் துளி ஈரமும் இருக்கக் கூடாது.

6. ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, திரியைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

வாசனை வேண்டுமா? வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி, ஒற்றைத் தலைவலி யாருக்கும் இல்லையென்றால், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். அடுப்பை அணைத்த பிறகு, ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் சேருங்கள். இருக்கிறது என்றால், சேர்க்கவே வேண்டாம். தேன் வாசமே போதும்.

அழகுக்காகக் காய்ந்த ரோஜா இதழ், துளசி, வெட்டிவேர், பட்டை என்று மெழுகுக்குள் பதிக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சருகு ஒவ்வொன்றும் இன்னொரு திரி! சுடர் நெருங்கியதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். வேண்டவே வேண்டாம்.

முதலில் ஒரு டம்ளர் மட்டும் செய்து ஏற்றிப் பாருங்கள். சுடர் குட்டியாகி மெழுகில் மூழ்கினால் திரி மெலிசு. சுடர் உயர்ந்து கறுப்புப் புகை விட்டால் திரி தடிமன். அதற்குத் தக்கபடி அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். மிஞ்சிய மெழுகை ஸிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் உருக்கிச் சேர்த்து ஆறவைத்தால், பாத வெடிப்புக்குப் பூச நல்ல களிம்பு. ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய். ராத்திரி காலைக் கழுவித் துடைத்துப் பூசிக்கொண்டு, சாக்ஸ் போட்டுப் படுங்கள். வாசனை சேர்த்த மெழுகை இதற்கு எடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் வெடிப்பை டாக்டரிடம் காட்டிவிட்டே எதையும் பூச வேண்டும்.

ஏற்றும்போது கவனிக்க...

• ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கட்டும். ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே, காற்று அடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

• முதல் தடவை ஏற்றும்போது மேல் மெழுகு ஓரம் வரை உருகும்வரை எரியவிடுங்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

• ஒவ்வொரு தடவையும் ஏற்றும் முன் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள். பாதிப் புகை இதிலேயே குறைந்துவிடும்.

• டம்ளர் கொதிக்கும். அடியில் தட்டு வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், டி.வி. மேல், திரைச்சீலை அருகில், கொசுவலைக்குள் வைக்கவே கூடாது.

• ஊதி அணைக்காதீர்கள். ஒரு சின்ன எவர்சில்வர் மூடியால் மூடுங்கள். புகை மூடிக்குள்ளேயே அடங்கிவிடும்.

• ஷிபான், பாலியெஸ்டர் புடவைத் தலைப்பு, குழந்தையின் பட்டுப்பாவாடை, தளர்ந்த துப்பட்டா... ஜாக்கிரதை! உடையில் பற்றினால் ஓடக் கூடாது. படுத்துப் புரள வேண்டும். அருகில் இருப்பவர்கள் கெட்டிப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும்.

• உருகிய மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சிதறிப் பரவும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடுங்கள்.

• சூடான மெழுகு கையில் பட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால், முகத்தில் பட்டிருந்தால், குழந்தை என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி... சிநேகிதிக்கு என்ன சொன்னேன்?

“உன் பொண்ணு தூங்குற ரூமுக்குள்ள எரியிற எதுவுமே வேண்டாம்டி. கெமிக்கலும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடி. அதைத் திறந்து வை. கட்டிலுக்குக் கொசுவலை கட்டு. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, இருமல் நின்னுடுச்சேன்னு நீயா நிறுத்திடாதே. ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்டுட்டுச் செய்.”

“அப்ப இந்த மெழுகுவர்த்தி?”

“நீயும் நானும் திண்ணையில உக்காந்து பேசுறப்ப ஏத்து.”

அன்று ராத்திரி செம்பட்டியில் கரண்ட் போனது. குழந்தை உள்ளே கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வலை அடிக்க ஆள் வரும்வரை ஜன்னலில் பழைய பருத்திப் புடவையை நனைத்துப் பிழிந்து கட்டியிருந்தாள் சிநேகிதி. நாங்கள் இருவரும் வெளித் திண்ணையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டோம். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சுடர் ஒரு தரம் ஆடி நிமிர்ந்தது.

போன வாரம் போன் செய்தாள். டாக்டர் இன்ஹேலரைத் தொடரச் சொல்லியிருக்கிறாராம். “ஆனா ராத்திரி இருமல் கொறஞ்சிருக்குடி” என்றாள்.

உங்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரி படுக்கை அறைக்குள் என்னென்ன எரிகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்களேன்!